ஸ்பீடு ஜீன் டெஸ்ட் மதிப்புரை: குட்டியின் தூரத்தைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது

பந்தயக் குதிரைக் குட்டி வளர்ந்து 1,200 மீட்டரில் பறக்குமா, 2,400 மீட்டர் தாங்குமா என்று பிடரி முடியையோ ரத்தத்தையோ வைத்துச் சொல்லும் சோதனை இது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர் எம்மெலின் ஹில், குதிரைப் பயிற்சியாளர் ஜிம் போல்ஜருடன் சேர்ந்து 2009இல் ஈக்வினோம் நிறுவனத்தைத் தொடங்கினார். மறு வருடத் தொடக்கத்தில் சோதனை விற்பனைக்கு வந்தது. பிறகு அந்த நிறுவனம் பிளஸ்வைட்டலோடு சேர்ந்துகொண்டதால் இன்று அந்தப் பெயரில் கிடைக்கிறது.

செட்டிநாட்டில் இதைப் பற்றி விசாரிப்பவர்கள் இரண்டு வகை. பெங்களூரு, புனே பக்கத்துப் பண்ணைகளில் தாய்க்குதிரைகளை விட்டுக் குட்டி எடுப்பவர்களும் பந்தயக் குதிரையில் பங்கு வைத்திருப்பவர்களும் ஒரு வகை. மெட்ராஸ் ரேஸ் கிளப் தலைவராக நெடுங்காலம் இருந்த எம்.ஏ.எம். ராமசாமியின் குடும்பத்துச் சொந்த மண் இது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வீடுகளில் குதிரைப் பேச்சு இன்றும் ஓயவில்லை. இன்னொரு வகை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் வண்டிப் பந்தயத்துக்குக் குதிரை பூட்டுபவர்கள். இந்த இரண்டு தரப்புக்கும் ஒரே பதில் கிடையாது. தாய்க்குதிரை வைத்திருப்பவர் தயங்காமல் இதை வாங்கலாம். ஏலத்தில் ஒரு வயதுக் குட்டி எடுப்பவருக்குப் பாதிப் பயன். வண்டிக் குதிரைக்காரர் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

சோதனை பார்ப்பது மயோஸ்டாட்டின் என்ற ஒரே ஒரு ஜீனைத்தான். தசை அளவுக்கு மீறி வளராமல் கட்டிப் பிடித்து வைப்பது அதன் வேலை. பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனமான தரோபிரெட் குதிரைகளில் அந்த ஜீனுக்குள் ஓரிடத்தில் சி என்ற டிஎன்ஏ எழுத்தோ டி என்ற எழுத்தோ இருக்கும். தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று வருவதால் குட்டி சி/சி, சி/டி, டி/டி என்ற மூன்றில் ஒன்றாக அமையும். நிறுவனத்தின் கணக்குப்படி சி/சி குதிரைக்குத் தோதான தூரம் 1,000 முதல் 1,600 மீட்டர் வரை. சி/டி குதிரைக்கு 1,400 முதல் 2,400. டி/டி என்றால் 2,000 மீட்டருக்கு மேல். 2010இல் வெளியான முதல் ஆய்விலேயே மூன்று வகைக்கும் சராசரித் தூரங்கள் தெளிவாகப் பிரிந்து நின்றன: ஏறத்தாழ 1,250, 1,800, 2,100 மீட்டர்.

சி எழுத்து தானாக எதையும் செய்வதில்லை. சில குதிரைகளுக்கு அந்த ஜீனின் முகப்பில் 227 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு செருகிக்கொண்டிருக்கிறது. தரோபிரெட்டில் சி இருக்கும் இடத்தில் பெரும்பாலும் இந்தத் துண்டும் இருக்கும். உண்மையில் வேலை பார்ப்பது இந்தத் துண்டுதான் என்று 2018இல் டப்ளின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது இருந்தால் மயோஸ்டாட்டின் குறைவாகச் சுரக்கிறது. வேகமாகச் சுருங்கி வேகமாகக் களைக்கும் தசைநார்களின் பங்கு கூடுகிறது, மெல்லச் சுருங்கி நெடுநேரம் தாங்கும் நார்களின் பங்கு குறைகிறது. வாங்குபவர் இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், சில சோதனைக்கூடங்கள் சி எழுத்தா டி எழுத்தா என்று பார்க்கின்றன, சில இந்தத் துண்டைப் பார்க்கின்றன. தரோபிரெட்டில் இரண்டு முடிவும் ஏறத்தாழ ஒத்துப்போகும். வேறு இனக் குதிரையில் அந்த ஒட்டுறவு நிச்சயமில்லை. எதைப் பார்த்துத் தருகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வேகத்துக்கான இந்த சி எங்கிருந்து வந்தது என்பதையும் தேடியிருக்கிறார்கள். 2012இல் வெளிவந்த ஆய்வின்படி, தரோபிரெட் இனம் உருவான காலத்தில், சுமார் 300 ஆண்டுகளுக்கு முன், பிரிட்டன் நாட்டுப் பெட்டைக் குதிரை ஒன்றின் வழியாக அது ஒரே ஒரு முறை உள்ளே வந்திருக்க வேண்டும். அரேபியப் பொலிகுதிரைகளுக்கே பெருமை முழுவதையும் கொடுத்துவந்தவர்களுக்கு இது புதுச் செய்தி. அந்தக் காலத்தில் நாலு மைல் ஓட்டம் சாதாரணம். இரண்டு வயதில் குறுந்தூரம் ஓட்டும் வழக்கம் வந்த பிறகுதான் சி எழுத்துக்கு மதிப்புக் கூடியது. 1954இல் பிறந்த நியார்க்டிக், அதன் மகன் நார்தர்ன் டான்ஸர் ஆகியவற்றின் வழியாக அது உலகமெங்கும் பரவியது. நார்தர்ன் டான்ஸர் 1964இல் கென்டக்கி டெர்பியின் 2,000 மீட்டரை வென்றது, பெல்மான்ட்டின் 2,400 மீட்டரில் மூன்றாவதாக வந்தது. ஆனால் அதன் மகன் நிஜின்ஸ்கி 1970இல் இங்கிலாந்தின் மூன்று கிரீடம் எனப்படும் மூன்று பெரும் பந்தயங்களையும், 2,900 மீட்டர் அளவுள்ள செயின்ட் லெஜர் உட்பட, எடுத்தது. தகப்பனை மட்டும் பார்த்துக் குட்டியின் தூரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இனி மாதிரி எடுப்பது. முடிவு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். ரத்தம் அனுப்புவதைவிட முடி அனுப்புவது நமக்கு நல்லது. சித்திரை வெயிலில் ரத்தக் குப்பி காரைக்குடியிலிருந்து கூரியரில் கிளம்பினால் சென்னையைத் தாண்டுவதற்குள் சூடேறிக் கெட்டுவிடக் கூடும். முடி கெடாது. டிஎன்ஏ முடியின் தண்டில் இல்லை, வேரில் உள்ள குமிழில் இருக்கிறது. அதனால் கத்தரித்த முடி, சீப்பில் வந்த முடி, லாயத்து ஆணியில் சிக்கிய முடி எதுவும் உதவாது. பிடரி தோளோடு சேரும் இடத்தில் பத்துப் பத்து இழையாகப் பிரித்து, தோலை ஒட்டி ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடி வளரும் திசையிலேயே வெடுக்கென்று ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். மெல்ல இழுத்தால் வேர் உள்ளேயே நின்று தண்டு மட்டும் அறுந்து வரும். எடுத்ததைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் பாருங்கள். நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் தெரிய வேண்டும். குமிழுள்ள முடி 30, 40 சேர்ந்தால் போதும்.

பால்குடிக் குட்டியின் பிடரி பஞ்சு மாதிரி மெல்லியது, சட்டென்று அறும். அதற்கு வால் முடி எடுக்கலாம், ஆனால் சாணம் ஒட்டாத இடமாகப் பார்த்து எடுங்கள். குளிப்பாட்டிய அன்று வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காகித உறைதான் சரி. தாய்க்கும் குட்டிக்கும் ஒரே நாளில் எடுப்பதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, முதல் உறையை ஒட்டிப் பெயரெழுதி மூடிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். தாயின் ஒற்றை முடி குட்டியின் உறைக்குள் விழுந்தாலே முடிவு குழம்பும். மாதிரி வெளிநாடு போவதால் அந்த நாட்டுக்குள் நுழைய என்ன தாள் வேண்டும் என்று சோதனைக்கூடத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கி, உறையோடு வைத்து அனுப்புங்கள். தாள் இல்லாத மாதிரி சுங்கத்தில் கிடந்துவிடும்.

முடிவு வந்ததும் முதல் வேலை, அதைத் தாய் தகப்பனோடு பொருத்திப் பார்ப்பது. சி/சி தாய்க்கு டி/டி குட்டி பிறக்கவே முடியாது. டி/டி தாய்க்கு சி/சி குட்டியும் பிறக்காது. அப்படி ஒரு முடிவு வந்தால் முடி கலந்திருக்கிறது, அல்லது உறை மாறியிருக்கிறது, அல்லது வம்சப் பதிவே தவறு. மறுபடி மாதிரி எடுக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

இந்தச் சோதனை தன் காசுக்கு முழு வேலை செய்யும் இடம் இனச்சேர்க்கைத் திட்டம். சி/சி பெட்டையை டி/டி பொலிகுதிரையிடம் விட்டால் பிறப்பதெல்லாம் சி/டி, இதில் சந்தேகமே இல்லை. சி/டியை சி/டியிடம் விட்டால் நாலில் ஒரு பங்கு சி/சி, பாதி சி/டி, நாலில் ஒரு பங்கு டி/டி. சி/சியை சி/டியிடம் விட்டால் பாதிக்குப் பாதி சி/சியும் சி/டியும் வரும், டி/டி வராது. தரோபிரெட்டில் செயற்கைக் கருவூட்டலுக்குப் பதிவு கிடையாது. நேரடிச் சேர்க்கை மட்டும்தான், சினைக்காலமோ 11 மாதம். ஒரு பெட்டை வருடத்துக்கு ஒரு குட்டிக்கு மேல் தராது. அந்த ஒன்றை எந்தத் தூரத்துக்காகக் கேட்கிறோம் என்று முன்னாலேயே முடிவு செய்ய முடிவது பெரிய காரியம்.

தாய்க்குதிரைகள் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம், அவை நம் கையில் இருப்பவை. பொலிகுதிரையின் முடிவை அதன் பண்ணை பல நேரம் வெளியில் சொல்வதில்லை. அதற்கும் வழி உண்டு. டி/டி தாய்களுக்கு அந்தப் பொலிகுதிரை மூலம் பிறந்த குட்டிகளின் முடிவுகளைத் திரட்டுங்கள். ஒரு குட்டி டி/டியாக இருந்தாலும் தகப்பனிடம் டி இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து குட்டிகளும் வரிசையாக சி/டியாக இருந்தால், தகப்பன் சி/டியாக இருந்தும் தற்செயலாக அப்படி அமைந்திருக்க 32இல் ஒரு வாய்ப்புத்தான். அதை சி/சி என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடலாம். ஒவ்வொரு தாய்க்கும் ஒரு பேரேடு போட்டு, எந்தப் பொலிகுதிரை, குட்டியின் முடிவு என்ன, எந்தத் தூரத்தில் நன்றாக ஓடியது என்று எழுதிவாருங்கள். நகரத்தார் வீடுகளில் கணக்கு எழுதத் தெரியாதவர் யார்? நாலைந்து குட்டிகளுக்குப் பிறகு அந்தப் பேரேடு எந்த ஆலோசகரின் பேச்சையும்விட நம்பகமாக இருக்கும்.

ஜீன் தெரியாத காலத்திலேயே இதைக் கண்ணாலும் பொறுமையாலும் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆகா கான் குடும்பத்தின் மும்தாஜ் மஹால் என்ற சாம்பல் நிறப் பெட்டை இரண்டு வயதில், 1923இல், இங்கிலாந்தையே மிரட்டிய வேகக்காரி. மறு வருடம் 1,600 மீட்டர் ஓடும் 1000 கினிஸ் என்ற பந்தயத்தில் கடைசியில் தளர்ந்து இரண்டாவதாக வந்தது, மறுபடி குறுந்தூரத்துக்குத் திரும்பி வென்றது. அதைத் தாயாக்கியபோது இன்னொரு வேகக்காரனிடம் மட்டுமே விட்டுக்கொண்டிருக்கவில்லை. 1918இல் மூன்று கிரீடமும் வென்ற கெயின்ஸ்பரோவிடம் விட்டு மா மஹால் என்ற பெண் குட்டி எடுத்தார்கள். அந்த மகளை 1930 எப்சம் டெர்பி வென்ற பிளென்ஹெயிமிடம் விட்டுப் பிறந்த மஹ்மூத், 1936இல் எப்சம் டெர்பியின் 2,400 மீட்டரை 2 நிமிடம் 33.8 வினாடியில் ஓடியது. அந்த நேரம் 1995 வரை நின்றது. மும்தாஜ் மஹாலின் இன்னொரு மகளான மும்தாஜ் பேகத்துக்குப் பிறந்ததுதான் நஸ்ருல்லா. செக்ரட்டேரியட்டுக்கு அது தாத்தா. தாயின் வேகத்தை அடியில் வைத்து, தாங்குதிறனைத் தகப்பன் பக்கமிருந்து இரண்டு தலைமுறையாக ஏற்றியிருக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்து, மந்தமான நெடுந்தூரப் பெட்டையை வேகப் பொலிகுதிரையிடம் விட்டால் அதே பலன் கிடைக்குமா? சி, டி எழுத்துக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் மந்தம் என்பது அந்த எழுத்தில் இல்லை. திறமை குறைந்த பெட்டையின் மற்றக் குறைகளும் சேர்ந்தே குட்டிக்கு வரும். எழுத்துப் பொருத்தம் பார்ப்பதற்கு முன் அந்தப் பெட்டை தன் தூரத்தில் நல்ல ஓட்டக்காரியா என்று பார்க்க வேண்டும்.

சோதனையை விற்பவர்கள் மெல்லிய குரலில் சொல்வதையும், வாங்குபவர்கள் காதில் வாங்காமல் விடுவதையும் இங்கே உரக்கச் சொல்ல வேண்டும். இது தரம் சொல்லாது. டெர்பி வென்ற குதிரைக்கும், வாழ்நாளில் ஒரு பந்தயம்கூட வெல்லாத குதிரைக்கும் ஒரே சி/டி இருக்கலாம். எந்தத் தூரம் பொருந்தும் என்பது வம்சத்தில் அழுத்தமாக இறங்குகிறது. வெல்லும் திறன் அவ்வளவு அழுத்தமாக இறங்குவதில்லை. அது பல நூறு ஜீன்களும், தீனியும், கால் எலும்பும், பயிற்சியாளரும், ஜாக்கியும் சேர்ந்த விஷயம். சி/சி என்று வந்தால் வேகமான குதிரை என்று துள்ளாதீர்கள். ஓடினால் குறுந்தூரத்தில் ஓடும் என்பது மட்டுமே அதன் பொருள்.

ஒரு வயதுக் குட்டி ஏலத்தில் சி/சிதான் அதிகம் ஏமாற்றுகிறது. சி/சி குட்டிக்குத் தசை சீக்கிரம் திரளும். 18 மாதத்திலேயே பின்தொடை உருண்டு, மார்பு அகன்று, எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளப்பாக நிற்கும். பக்கத்தில் நிற்கும் டி/டி குட்டி ஒல்லியாய், காலும் கழுத்துமாய், விளையாட்டுப் பிள்ளை மாதிரி தெரியும். கை தானாக சி/சிக்கு உயரும். ஏலம் முடிந்த பிறகு இரண்டு பேருக்கும் இருக்கும் எலும்பு ஒரே வயசு எலும்பு. முழங்காலுக்கு மேலே உள்ள வளர்ச்சித் தட்டு இரண்டு வயதை ஒட்டித்தான் மூடும். முழங்காலுக்குக் கீழே உள்ள நெடு எலும்பு வேகத்தின் அதிர்வைத் தாங்கும்படி தன்னைத் தடிமனாக்கிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். கனத்த தசை, பிஞ்சு எலும்பு, அவசரப் பயிற்சி மூன்றும் சேர்ந்தால் அந்த நெடு எலும்பின் முன்பக்கம் வீங்கி, தொட்டால் காலை உதறும். ரேஸ் மைதானத்தில் ஷின் வலி என்பார்கள்.

இதற்குப் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் டேவிட் நுனமேக்கர் காட்டிய வழி நல்ல வழி. மைல் கணக்கில் மெல்ல ஓட்டிக்கொண்டே இருந்தால் எலும்பு மெல்ல ஓடுவதற்கு மட்டுமே தன்னைத் தயார்செய்யும். பந்தய வேகத்தின் வளைவும் அழுத்தமும் வேறு. அதனால் தொடக்கத்திலிருந்தே வாரத்துக்கு இரண்டு முறை, ஓட்டத்தின் கடைசி 200 மீட்டரை 15 வினாடி அளவில் விட்டுப் பார்த்து, சில வாரங்கள் கழித்து 400 மீட்டருக்கு நீட்ட வேண்டும். சி/சி குட்டி வாங்கியவர் இதைப் பயிற்சியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். முழங்கால் எக்ஸ்ரே பார்க்காமல் முழு வேகம் கொடுக்க விடாதீர்கள்.

டி/டி குட்டியின் உரிமையாளருக்கு வேறு சோதனை, அது பொறுமைக்கு. இரண்டு வயதில் இந்தக் குட்டிகள் சம்பாதிப்பது குறைவு. நம் நாட்டுப் பந்தய அட்டவணையில் பெரும்பாலான ஓட்டங்கள் 1,000 முதல் 1,600 மீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. டி/டிக்கு ஏற்ற இடம் 2,400 மீட்டர் டெர்பி, ஓக்ஸ், 2,800 மீட்டர் செயின்ட் லெஜர், இன்விடேஷன் வாரத்தில் வரும் 3,000 மீட்டர் ஸ்டேயர்ஸ் டிராபி போன்ற சிலவே. அந்த இடத்துக்கு வரும் தரம் இல்லாத டி/டி குதிரைக்கு வருடத்தில் நுழையப் பந்தயமே அதிகம் கிடைக்காது, தீனிச் செலவு மட்டும் மாதாமாதம் வரும். முடிவு டி/டி என்று தெரிந்தால் இரண்டு வயதுப் பந்தயங்களுக்கு அவசரப்படுத்தாமல் மூன்று வயதுக்குக் காத்திருக்கும் பணம் இருக்கிறதா என்று பங்காளிகள் முதலிலேயே உட்கார்ந்து பேசிவிட வேண்டும். இந்த ஒரு காரியத்துக்காகவே சோதனைக்குக் கொடுத்த காசு தகும்.

சி/டிதான் சங்கடம். 1,400 முதல் 2,400 என்றால் ஏறக்குறைய எல்லாம் அதற்குள் அடக்கம். கினிஸும் டெர்பியும் அந்த வட்டத்துக்குள்தான். இங்கே சோதனை கையை விரித்துவிடுகிறது. தூரத்தைக் குறுக்க மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலில், ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் தங்கைகள் எந்தத் தூரத்தில் நன்றாக ஓடின என்பது. அவற்றிலும் சி/டி என்று உறுதியானவை இருந்தால் ஒப்பிடுவது இன்னும் சரியாக இருக்கும். அடுத்தது காலை ஓட்டத்தின் நேரப் பிரிவு. 1,000 மீட்டர் விட்டால் மொத்த நேரத்தைப் பார்த்து மயங்காமல் ஒவ்வொரு 200 மீட்டருக்கும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். தாங்கும் குதிரை கடைசி 200இல் முந்தைய 200ஐவிட அதிகம் சரியாது, ஓட்டி முடித்த பிறகும் நிற்க மனசில்லாமல் இழுத்துக்கொண்டு போகும். வேகக் குதிரை முதல் 400ஐ மின்னலாகக் கடந்து, கடைசியில் காலடி குட்டையாகிக் கழுத்து உயரும்.

மூன்றாவது, இதயத்துடிப்பு. சேணத்துக்கு அடியில் கட்டும் மானிட்டரோடு ஜிபிஎஸ் சேர்ந்து வருகிறது. ஒரே மைதானத்தில், ஒரே நாளில், 600 முதல் 800 மீட்டர் வரை நாலு ஓட்டம், ஒவ்வொன்றும் முந்தையதைவிட வேகமாக. ஒவ்வொன்றுக்கும் நிலைத்த துடிப்பையும் வேகத்தையும் தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டால், நிமிடத்துக்கு 200 துடிப்பில் எவ்வளவு வேகம் என்பது கிடைக்கும். குதிரையின் உச்சத் துடிப்பு 220 முதல் 240 வரை போகும் என்பதால் 200 என்பது நன்றாக உழைக்கும் நிலை. ஒரே பயிற்சியில் உள்ள இரண்டு சி/டி குட்டிகளில், 200 துடிப்பில் அதிக வேகம் காட்டுவதற்கு நெடுந்தூரத்தில் வாய்ப்பு அதிகம். தவறு நேர்வது இப்படி: மின்முனை காய்ந்தால் துடிப்பு தாறுமாறாகக் காட்டும், அதனால் தோலை நன்றாக ஈரமாக்க வேண்டும். பயந்த குதிரைக்கு 140க்குக் கீழே வரும் எண்ணை நம்பக் கூடாது, அது பயத்தின் எண். வெயில் ஏறிய பிறகு எடுத்தால் துடிப்பு கூடும். லேசான நொண்டல்கூடக் கூட்டும். ஒரு முறை எடுத்த எண்ணை வைத்து எந்த முடிவும் செய்யாமல், ஆறு வாரம் கழித்துத் திரும்ப எடுத்து ஒப்பிடுங்கள். அல்ட்ராசவுண்டில் இதயத்தின் அளவைப் பார்த்துச் சொல்லும் சேவையும் இருக்கிறது. தடை தாண்டும் நெடுந்தூரக் குதிரைகளில் அதற்குப் பொருள் உண்டு, சமதளக் குறுந்தூரத்துக்கு அது சொல்வது குறைவு.

சுழி பார்த்துக் குதிரை வாங்குகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். நெற்றிச் சுழி, மார்புச் சுழி சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல குதிரையையும் வாங்கவும் மாட்டார்கள், விற்கும்போது விலையும் விழும். சந்தை அப்படி இருக்கும்போது சுழியைப் பார்ப்பதில் தவறில்லை. தூரத்தைச் சுழி சொல்லாது என்பதை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வண்டிக் குதிரை. போகவர எட்டு மைல், பத்து மைல் என்று கொடி கட்டும் பந்தயத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது. எட்டு மைல் என்றால் 13 கிலோமீட்டருக்கு அருகில். சி/சி, டி/டி வித்தியாசம் தெரிவது 1,000 முதல் 3,000 மீட்டருக்குள் ஓடும் பந்தயத்தில். அதைத் தாண்டிய தூரத்தில் எல்லாக் குதிரையும் ஆக்சிஜனை நம்பித்தான் ஓட வேண்டும். அதோடு, இந்த எண்களெல்லாம் தரோபிரெட்டை வைத்து எடுத்தவை. கத்தியவார், மார்வாரி, நாட்டு மட்டக்குதிரை, கலப்புக் குதிரை ஆகியவற்றுக்கு அப்படியே தூக்கிப் பொருத்தக் கூடாது. ரேஸ் மைதானத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த தரோபிரெட் உங்களிடம் இருந்தாலும், அதன் பழைய ஓட்டப் பதிவைப் பார்த்தாலே தூரம் தெரிந்துவிடும், முடி பிடுங்க வேண்டியதில்லை.

வண்டியில் நாலுகால் பாய்ச்சல் எடுத்தால் இரண்டு சக்கர வண்டி முன்னும் பின்னுமாகத் தூக்கிப்போடும், ஏர்க்கால் தோளில் இடிக்கும், சாரதி நிலைகுலைவார். ஆகவே பாய்ச்சலுக்குப் போகாமல் குறுக்குக் கால்களை ஜோடியாக எடுத்து வைக்கும் ட்ராட் நடையை உடைக்காமல் வேகத்தைக் கூட்டத் தெரிந்த குதிரைதான் வண்டிக்கு வேண்டும். நடையோடு தொடர்புள்ள வேறொரு ஜீன் உண்டு. டிஎம்ஆர்டி3 என்ற அதில் உள்ள மாற்றத்தை ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்டார்கள். ட்ராட் பந்தயத்துக்கென்றே வளர்க்கும் ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரைகளில் அது பரவலாக இருக்கிறது. நம் ஊர்க் குதிரைக்கு அதையும் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்ல மாட்டோம். தார் ரோட்டில் காலை ஆறு மணிக்கு வண்டி பூட்டி ஒரு கிலோமீட்டர் ட்ராட் விட்டு எத்தனை முறை நடை உடைகிறது என்று எண்ணினால் விடை கையில் கிடைத்துவிடும்.

அதே குதிரையை ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நிழலில் கட்டி, தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து, இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேளுங்கள். எண்டூரன்ஸ் எனப்படும் நெடுந்தூரத் தாங்குதிறன் பந்தயங்களில் சோதனைச் சாவடிக்கு வரும் குதிரையின் துடிப்பு குறிப்பிட்ட நேரத்துக்குள் 64க்கு இறங்கியாக வேண்டும், இல்லையென்றால் வெளியேற்றம். அதே அளவுகோலை வீட்டில் வையுங்கள். 20 நிமிடத்துக்குள் 64க்கு வராத குதிரை இன்னும் எட்டு மைலுக்குத் தயாரில்லை, அல்லது எங்கோ வலிக்கிறது, அல்லது உடம்பில் உப்பும் நீரும் வற்றியிருக்கிறது. 500 கிலோ குதிரைக்கு வேலையில்லாத நாளிலேயே 30 கிராம் அளவு உப்பு வேண்டும். நம் வெயிலில் வியர்வை சொட்டும் நாட்களில் அது போதாது. கொள்ளும் தவிடும் மட்டும் போட்டுவிட்டு உப்பை மறப்பவர்கள் பந்தயத்தின் கடைசி இரண்டு மைலில் அதற்கு விலை கொடுக்கிறார்கள். செம்மண் சரளையில் பழகிய குளம்பைத் தொட்டுப் பாருங்கள். நாலில் ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அன்றைக்குப் பூட்டக் கூடாது.

சேவையாகப் பார்த்தால் இதன் பெரிய பலம், குட்டி பிறந்த முதல் வாரத்திலேயே எடுக்கலாம், முடிவு ஆயுளுக்கும் மாறாது என்பது. இரண்டாவது முறை பணம் கட்ட வேண்டிய தேவையே வராது. பலவீனம், குட்டி சி/டியாக வந்தால் கையில் மிஞ்சும் தகவல் கொஞ்சம். கட்டணம் வெளிநாட்டுப் பணத்தில் என்பதால் நாணய மாற்றும் கூரியரும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஏலத்துக்கு வரும் குட்டியின் முடியை விற்பவர் சம்மதமில்லாமல் எடுக்கக் கூடாது. விற்பவரே முடிவைக் காட்டினால் அதில் உள்ள குதிரையின் பெயரும் பதிவும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பணம் அளவாக இருக்கிறது, எதை முதலில் சோதிப்பது என்று கேட்டால், தாய்க்குதிரைகளை முதலில். ஒரு தாயின் முடிவு அதன் வாழ்நாளில் பிறக்கும் எல்லாக் குட்டிக்கும் உதவும். அடுத்தது, தாய் சி/டியாக இருந்து தகப்பன் என்னவென்று தெரியாத குட்டிகள். தாயும் தகப்பனும் சி/சி என்று உறுதியாகத் தெரிந்த குட்டிக்கும், ஒன்று சி/சி மற்றது டி/டி என்று தெரிந்த குட்டிக்கும் சோதனையே வேண்டாம், விடை முன்பே தெரியும். அந்தக் காசில் முழங்காலுக்கு ஒரு நல்ல எக்ஸ்ரே எடுத்துவிடலாம்.